இடம்புரி வால்வு

தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லி ஒப்புக்கொள்ளும் திறமை எனக்குப் பிறவியிலேயே வாய்த்தது. வேறு எந்தத் திறமையும் வாய்க்காததால் இதை மட்டும் கண்ணும் கருத்துமாக வளர்த்து வந்தேன். என் இருபத்து மூன்றாவது வயதில் அது ஏறாவூர் அரிசி மில் ஒன்றைக் கூரையோடு கிளப்பப் பார்த்தது. சம்பந்தப்பட்டவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை (வால்வினால் அல்ல, வயதினால்). ஆகவே தைரியமாகச் சொல்லலாம்.

கொழும்பில் ஒரு வெள்ளைக்காரக் கம்பனியின் பண்டகசாலையில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். சீமையிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் நீராவி வால்வுகளுக்குச் சீட்டுக் கட்டுவது என் உத்தியோகம். எண்ணெய்க் காகிதத்தைப் பிரிக்க வேண்டும், இலக்கம் பார்க்க வேண்டும், சீட்டைக் கட்ட வேண்டும், மறுபடி காகிதத்தைச் சுற்ற வேண்டும். இதை ஊருக்கு எழுதும்போது "வால்வுப் பகுதியில் இருக்கிறேன்" என்று கம்பீரமாக எழுதினேன். அம்மா அந்தக் கடிதத்தை அக்கம்பக்கத்தில் வாசித்துக் காட்டியபோது "மகன் கொழும்பில வால்வு செய்யிறான்" என்று ஆனது. நானும் திருத்தவில்லை. தாயின் வார்த்தையை மறுப்பது நல்ல பிள்ளைக்கு அழகா?

பிறகு உலகச் சண்டை வந்தது. கொழும்பில் குண்டு விழப் போகிறது என்று சனம் பெட்டி படுக்கையோடு ஓடியபோது முதல் ரயிலில் ஏறியவர்களில் நானும் ஒருவன். மட்டக்களப்பில் வந்து இறங்கினால், ஊர் முழுக்க என்னை 'வால்வு செய்யிற தம்பி' என்றுதான் அறிந்திருந்தது.

கோட்டைமுனையில், வாவிக் கரையோரம், என் மாமாவுக்கு ஒரு பித்தளை வார்ப்புப் பட்டறை இருந்தது. அவருக்குக் கண்பார்வை குறைந்த பிறகு அதை நடத்தியவள் அவர் மகள் கனகம். எனக்கு முறை மச்சாள். வயதில் என்னைவிட ஒன்று குறைவு, புத்தியில் பத்துக் கூட. பெண்பிள்ளை உலையில் நிற்கலாமா என்று ஊரில் வாய் கிழியப் பேசியவர்கள், தங்கள் வீட்டு அண்டா ஓட்டையானால் அவளிடம்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள். எனக்கு அவள்மேல் ஒரு கண். அவளுக்கு என்மேல் ஒரு சந்தேகம். நான் அந்தப் பட்டறையில் போய் உட்கார்ந்து கொழும்புக் கதை சொல்வதை அப்போதைய தொழிலாக வைத்திருந்தேன்.

அப்படி ஒரு காலைநேரத்தில்தான் ஏறாவூர் ஹாஜியார் வண்டியில் வந்து இறங்கினார். அவருக்கு அங்கே நீராவியில் ஓடும் ஒரு அரிசி மில் இருந்தது. கையில் சாக்கில் சுற்றிய ஒரு பொருள். பிரித்து நிலத்தில் வைத்தார். கொதிகலனிலிருந்து எஞ்சினுக்குப் போகும் நீராவியைத் திறந்து மூடும் பெரிய வால்வு. தண்டு முறிந்து, உடம்பு வெடித்துக் கிடந்தது.

"கொழும்புக்குத் தந்தி அடிச்சன். சாமான் எல்லாம் பட்டாளத்துக்குப் போகுதாம். சண்டை முடியுமட்டும் பொறுக்கட்டாம்" என்றார். "கரடியனாத்தில இருந்தும் உன்னிச்சையில இருந்தும் வந்த நெல்லு வண்டி மில் வாசல்ல வரிசையா நிக்குது. வெட்டின நெல்ல வெச்சிக்கிட்டு சனம் பட்டினி கிடக்கிறதா? நீதானே தம்பி கொழும்புல வால்வு செஞ்ச புள்ள?"

இந்த இடத்தில் 'இல்லை' என்று மூன்றே எழுத்தில் ஒரு சொல் தமிழில் உண்டு. எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. கனகம் உலைத் துருத்தியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது மட்டும்தான் தெரிந்தது. கால்மேல் கால் போட்டுக்கொண்டேன்.

"குளோப் வால்வா வேணும், கேட் வால்வா வேணும், ஹாஜியார்?"

"அது உருண்டையோ சப்பையோ எனக்கென்ன தெரியும்? ஆவியத் திறக்கணும், மூடணும். அவ்வளவுதான்."

"பெரிய காரியமில்ல. ஒரு கிழமை, ஏழே நாள் பொறுங்க."

ஹாஜியார் என் தலையில் கைவைத்து, அல்லாவிடம் எனக்காக துஆக் கேட்டுவிட்டுப் போனார். வண்டிச் சத்தம் மறைந்ததும் கனகம் கேட்டாள்:

"மச்சான், நீங்க இதுக்கு முன்ன வால்வு செஞ்சிருக்கீங்களா?"

"செய்யிறதப் பாத்திருக்கன்." (பார்த்ததும் இல்லை. செய்து முடித்துக் காகிதத்தில் சுற்றி வந்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.)

பித்தளைக்குப் பெரும் பஞ்சம். ஹாஜியார் தன் உறவுக்காரர் வீடுகளில் சேர்த்து ஒரு சாக்கு நிறைய அனுப்பினார். திறந்து பார்த்தால் பாதிக்குமேல் எச்சில் துப்பும் படிக்கங்கள். மூன்று தலைமுறை ஏறாவூர்ப் பெரியவர்கள் வெற்றிலை துப்பிய பித்தளையில்தான் என் முதல் வால்வு உருவாகப் போகிறது என்பதில் ஏதோ நியாயம் இருந்ததாக இன்று தோன்றுகிறது.

நான் மேற்பார்வையை ஏற்றுக்கொண்டேன். முதல் கட்டளையாக, வால்வின் உடம்பை உள்ளே வெறுமையில்லாத கட்டியாக வார்க்கும்படியும், பிறகு உள்ளே துளை போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். கொழும்பில் அப்படித்தான் என்றும் சேர்த்தேன். கனகம் வெடித்த வால்வை எடுத்து அதன் ஓட்டைக்குள் விரலை விட்டாள். நீராவி போகும் வழி உள்ளே வளைந்து நெளிந்து போனது.

"உங்கட வயித்துக்குள்ள குடல் வளைஞ்சு கிடக்குதே மச்சான், அதையும் ஆண்டவன் துளை போட்டுத்தான் எடுத்தவரோ?"

அதற்குப் பிறகு அவள் என் கட்டளைகளுக்காகக் காத்திருக்கவில்லை. வாவிக்கரைக் களிமண்ணையும் உமியையும் சாணத்தையும் பிசைந்து, உள்வழியின் வடிவத்தில் ஒரு கருவைச் செய்து காயவைத்து, அச்சுக்குள் நிறுத்தி, பித்தளையை ஊற்றினாள். ஆறியதும் உடைத்தாள். உள்ளே இருந்த களியைக் கம்பியால் கிளறி எடுத்தாள். வால்வின் உடம்பு, ஒரு குழி, ஒரு வெடிப்பு இல்லாமல், என் முன்னால் உட்கார்ந்திருந்தது. "நான் நினைச்ச மாதிரியே வந்திட்டுது" என்று பாராட்டினேன்.

எனக்கென்று ஒரு வேலை இருந்தே ஆகவேண்டும் என்று தண்டில் புரி வெட்டும் வேலையைப் பிடிவாதமாக வாங்கிக்கொண்டேன். சக்கரத்தைச் சுற்றும்போது தண்டு இறங்கி வழியை அடைப்பதும் ஏறித் திறப்பதும் அந்தப் புரியால்தான். பட்டறையில் ஒரு பழைய கடைசல் இயந்திரம் இருந்தது. தண்டு ஒரு பக்கம் சுழல, வெட்டும் உளி எந்தப் பக்கம் நகரவேண்டும் என்பதை அதன் பற்சக்கரங்கள் தீர்மானிக்கும். நடுவில் ஒரு பற்சக்கரம் போடவேண்டிய இடத்தில் நான் இரண்டு போட்டேன். பெட்டியில் ஒன்று சும்மா கிடந்தது. சும்மா கிடப்பானேன்?

கனகம்தான் அதன் பெரிய சில்லுச் சக்கரத்தைக் கையால் சுற்றினாள்.

"மச்சான், உளி அங்கால போகுதே. அப்பா வெட்டக்குள்ள இஞ்சால எல்லோ வாறது?"

"அது பழைய முறை."

முறிந்த தண்டை அருகில் வைத்து, ஓர் அங்குலத்துக்கு எத்தனை புரி என்று நான்கு தடவை எண்ணினேன். புரி எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு தடவையும் பார்க்கவில்லை. வால்வின் மூடிக்குள் வெட்டவேண்டிய புரியையும் அதே பற்சக்கரங்களை வைத்தே வெட்டினேன். ஆகவே இரண்டும் அற்புதமாகப் பொருந்தின. என் ஒரு பிழையும் என் இன்னொரு பிழையும் எண்ணெய் போட்டாற்போல் வழுக்கிச் சுழன்றதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

ஆறாம் நாள் சோதனை. தென்னை மரத்தில் பீப்பாயைக் கட்டி, குழாய் வழியே தண்ணீர் விட்டோம். ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. திறந்த வால்வை மூடுவதற்காகக் கனகம் சக்கரத்தை எல்லோரையும் போல வலப்பக்கம் சுற்றினாள். தண்ணீர் குறையவில்லை. இன்னும் சுற்றினாள். பீறிட்டு அவள் முகத்தில் அடித்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிக அமைதியாகச் சொன்னாள்:

"மச்சான், இது இடம்புரி."

நான் சுற்றிப் பார்த்தேன். வலப்பக்கம் சுற்றினால் திறந்தது. இடப்பக்கம் சுற்றினால் மூடியது. உலகத்தில் உள்ள எல்லா வால்வும் செய்வதற்கு நேர்மாறு. சங்காக இருந்தால் வலம்புரிக்குத்தான் மதிப்பு. வால்வுக்கும் அப்படித்தான் என்று அந்தக் கணத்தில் படித்தேன்.

"ரெண்டு நாள் தாங்க. மூடியத் திரும்ப வார்க்கிறன். தண்டையும் புதிசா வெட்டுவம்" என்றாள் கனகம்.

அவள் அப்படிச் சொன்னபோது சரி என்று தலையாட்டியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் ஒரு கிழமை என்று ஹாஜியாரிடம் சொன்னது நான். நெல் வண்டிகள் நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, பிழை என்று ஒப்புக்கொண்டால் கொழும்பு என்ன ஆவது?

"தேவையில்ல. மில் டிரைவருக்கு ஒரு சொல்லுச் சொன்னாச் சரி."

"அப்ப சக்கரத்தில ஒரு அம்புக்குறியாவது வெட்டுவம்."

"வடிவு கெட்டுப் போகும்."

"மறுகா நீங்க சொல்ல மறந்தா?"

"நானா மறக்கிறது?"

உண்மைதான், நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் மன்னிப்புக்கு ஒரு வழி இருந்திருக்கும்.

மறுநாள் காலை வால்வும் நானும் கனகமும் வண்டியில் ஏறாவூர் போய்ச் சேர்ந்தோம். ஏதோ பழுது பார்த்த சாமானை மாட்டிவிட்டு வருவதாக நான் நினைத்திருக்க, ஹாஜியார் கல்யாண வீடு போல ஏற்பாடு செய்திருந்தார். மில்லுக்குள் வெள்ளை விரித்த நாற்காலிகள். ஒரு தட்டில் தொதல் இனிப்பு. நடு நாற்காலியில், எங்கள் பகுதியின் பெரிய அதிகாரியான வன்னியனார், வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையுமாக. சீமைச் சாமானை நம் ஊரில் செய்துவிட்டார்கள் என்பதைப் பார்க்க ஹாஜியார் அவரை அழைத்து வந்திருந்தார்.

வால்வைப் பூட்டினோம். கொதிகலனில் ஆவி ஏறியது. "தம்பி ரெண்டு வார்த்த பேசட்டும்" என்றார் ஹாஜியார். நான் இருநூறு வார்த்தைக்குக் குறையாமல் பேசினேன். வால்வு என்பது என்ன, வெள்ளைக்காரன் அதை எப்படிச் செய்கிறான், நான் அதைவிட எங்கே முன்னேறியிருக்கிறேன் என்று விளக்கினேன். வன்னியனார் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பேசி முடித்ததும் டிரைவர் சீனிக் காக்கா என் பக்கத்தில் வந்தார். முப்பது வருடம் அந்த எஞ்சினோடு வாழ்ந்தவர், ஊருக்கே காக்கா, அதாவது அண்ணன்.

"தம்பி, இதுல நான் தெரிஞ்சிக்க வேண்டிய விசயம் ஏதாச்சும் இரிக்கா?"

கனகம் வாசல் பக்கம் நின்று என்னைப் பார்த்தாள். வன்னியனாரும் பார்த்தார். இவ்வளவு பேசிய வாயால், இது தலைகீழாகச் சுற்றும் என்று எப்படிச் சொல்வது? அவர் எழுந்து போனதும் காதோடு சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

"எல்லா வால்வும் மாதிரித்தான் காக்கா."

முதல் திறப்பு என் கையால் நடந்தது. (அதை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வேறு யாராவது தொட்டால் குட்டு உடைந்துவிடும்.) சக்கரத்தைச் சுற்றினேன், ஆவி சீறியது, எஞ்சினின் பெரிய சில்லு அசைந்தது, தோல் பட்டி ஓடியது, நெல் குத்தும் இயந்திரம் முனகிக்கொண்டு அரிசியைக் கொட்டத் தொடங்கியது. வெளியே நின்ற வண்டிக்காரர்கள் சத்தம் போட்டு மகிழ்ந்தார்கள். ஹாஜியார் என்னைக் கட்டிக்கொண்டார். வன்னியனார் எழுந்து வந்து, விழும் அரிசியை உள்ளங்கையில் ஏந்திப் பார்க்கக் குனிந்தார்.

"ஐயா பாக்கிறாக. ஒள்ளம் வேகத்தக் குறை சீனி" என்றார் ஹாஜியார்.

சீனிக் காக்கா சக்கரத்தை வலப்பக்கம் சுற்றினார்.

எஞ்சின் துள்ளியது. அரிசி வன்னியனாரின் கையைத் தாண்டி மார்பில் அடித்தது.

"குறைக்கச் சொன்னன்!"

"குறைக்கிறன் முதலாளி!" என்று காக்கா இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினார்.

வேகத்தை அடக்க எஞ்சினிலேயே ஒரு கருவி உண்டு. அது போன போகத்திலேயே பழுதாகிக் கம்பியால் கட்டப்பட்டிருந்தது என்பதை அப்போது யாரும் நினைக்கவில்லை. பட்டி சாட்டை மாதிரி விளாசத் தொடங்கியது. தவிடு ஊதும் குழாய் கழன்று, பாம்பு போல எழும்பி, நாற்காலி வரிசையைப் பார்த்து நின்றது. அடுத்த நொடி வெள்ளை விரிப்பு, தொதல், வன்னியனார் எல்லாம் ஒரே நிறமாயின. வெளியே மாடுகள் மிரண்டு ஓடின. ஒரு சோடி வண்டியும் நெல் மூட்டைகளுமாக மில்லருகே இருந்த வாவிக்குள் இறங்கிவிட்டது. பெரிய சில்லு தன் அச்சோடு தடதடவென்று ஆடியது. அது உடைந்தால் கூரையோடு எல்லோரும் போவோம் என்பது எனக்குக் கூடத் தெரிந்தது.

"திறவுங்கோ காக்கா! திறவுங்கோ!" என்று கத்தினேன்.

"என்ன?"

"திறக்கிற பக்கம் சுத்துங்கோ! திறந்தாத்தான் மூடும்! மூடினாத் திறக்கும்!"

தவிட்டுப் புயலுக்குள்ளிருந்து ஹாஜியாரின் குரல் வந்தது: "இவனப் புடிங்கடா! மில்ல வெடிக்க வைக்கப் பாக்கிறான்!"

மூட்டை தூக்கும் இருவர் என்னைப் பிடித்து, ஒருவர் என் முதுகில் உட்கார்ந்தார். காக்காவோ முழுப் பலத்தையும் கொடுத்து, முப்பது வருடப் பழக்கத்தோடு, வலப்பக்கமாகவே மூடிக்கொண்டிருந்தார். ஆவி முழுதாகத் திறந்துகொண்டது. நான் நெற்குவியலில் வாய் புதைந்து கிடந்தபடி, என் வாழ்க்கையில் முதல் தடவையாக, எனக்கு ஒன்றும் தெரியாது என்று உரக்கச் சொன்னேன். அது ஒருவருக்கும் கேட்கவில்லை.

கனகம்தான் உள்ளே வந்தாள். ஒரு ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு, தலையைக் குனிந்து, தவிட்டைக் கிழித்துக்கொண்டு நேரே வால்வுக்கு நடந்தாள்.

"விடுங்கோ காக்கா."

அவர் விட்டார். அவள் இடப்பக்கமாகச் சுற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று. சீறல் குறைந்தது. சில்லு தளர்ந்தது. பட்டி கடைசியாக ஒரு அடி அடித்துவிட்டு ஓய்ந்தது.

அந்த அமைதியில் தவிடு மெல்ல இறங்கியது. வன்னியனார் இருந்த இடத்தில் அசையாமல் நின்றார். கண் இரண்டையும் மட்டும் துடைத்துக்கொண்டு, என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, நீர் இவ்வளவு நேரம் பேசினீரே. இதை எந்த இடத்தில சொன்னீர்?"

முதுகில் இருந்த ஆளைத் தள்ளிவிட நெளிந்தேன். கனகம் சொன்னாள்: "தண்டில புரி மாறிப் போச்சு, ஐயா. வெட்டினது மச்சான். பிழையெண்டு தெரிஞ்சும் கொண்டுவந்தது நாங்க ரெண்டு பேரும்."

அந்த 'ரெண்டு பேரும்' என்னை அந்த ஆளின் பாரத்தைவிட அதிகமாக அமுக்கியது. அவளுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. அவ்வளவு சனத்துக்கு நடுவில் என்னோடு வந்து நின்றுகொண்டாள். முதுகில் இருந்தவரைத் தள்ளிவிட்டு எழுந்து, வாயிலிருந்த நெல்லைத் துப்பிவிட்டு, "இல்ல ஐயா. அவ திரும்ப வார்ப்பம் எண்டு சொன்னவ. நான்தான் வேணாமெண்டனான்" என்றேன். அன்று நான் பேசியதில் உபயோகமான பேச்சு அது ஒன்றுதான்.

ஹாஜியார் தாடியிலிருந்த தவிட்டை உதறினார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வாசலில் திரும்பி வந்துகொண்டிருந்த வண்டிகளைப் பார்த்தார், வாவிக்குள் நின்ற வண்டியைப் பார்த்தார், பிறகு வால்வைப் பார்த்தார்.

"ஒழுகுதா?" என்று கனகத்திடம் கேட்டார்.

"ஒரு சொட்டும் இல்ல."

"அப்ப இது இரிக்கட்டும். நெல்லுக் காத்திரிக்கு. இவனும் இங்கினயே இரிக்கட்டும்."

பதினாறு நாள் நான் அந்த வால்வுக்குக் காவல் இருந்தேன். ஒரு முக்காலி, வேகாத வெயிலைவிடச் சூடான கொதிகலன், நான். சீனிக் காக்காவின் கை சக்கரத்தில் படும்போதெல்லாம் "இடது! இடது!" என்று கத்த வேண்டும். இதுதான் என் தண்டனை. ஏறாவூர்ச் சனம் வேலை முடிந்து வந்து நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனது. பதினேழாம் நாள் நான் கத்துமுன்னரே காக்கா இடப்பக்கம் சுற்றினார். என்னை விடுதலை செய்தார்கள்.

சண்டை முடிந்ததும் ஹாஜியார் முதல் வேலையாகச் சீமையிலிருந்து நல்ல வால்வு ஒன்றை வரவழைத்துப் பூட்டினார். இரண்டே நாள். மூன்றாம் நாள் எங்கள் பட்டறை வாசலில் வண்டி வந்து நின்றது. உச்சி முதல் பாதம் வரை தவிடு பூசி, அடையாளம் தெரியாமல் இறங்கினார் ஹாஜியார்.

"சீனிக்கு இப்ப மறுபக்கம்தான் கை போகுது" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. "கழட்டி அனுப்பின அந்தக் கோணல் வால்வு இரிக்கா, உருக்கிட்டீங்களா?"

உருக்கியிருந்தோம். கனகம் புதிதாக வார்த்தாள். ஆக, வேண்டுமென்றே, கூலி வாங்கிக்கொண்டு, பிழையாகப் புரி வெட்டிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். சீனிக் காக்காவிடம் தொழில் பழகியவர்கள் வேறு மில்களுக்குப் போனபோது அங்கிருந்தும் இடம்புரி கேட்டு ஆள் வந்தது. எங்கள் பட்டறை அதிலேதான் நிமிர்ந்தது. என் அறியாமையைப் போல வேறெந்தச் சரக்கும் அந்தப் பக்கத்தில் அப்படி விலைபோகவில்லை.

இதற்கிடையில் கனகம் என்னைக் கட்டிக்கொண்டாள். ஏன் என்று இன்றுவரை கேட்க எனக்குப் பயம். எங்கள் வழக்கப்படி நான்தான் அவள் வீட்டுக்குக் குடிபோனேன். அங்கே எனக்கு ஒரு மரியாதை உண்டு. குடும்பத்தில் எந்தப் பெரிய காரியமானாலும் முதலில் என் அபிப்பிராயத்தைக் கேட்பார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு விரிவாகச் சொல்வேன். எல்லோரும் பணிவாகக் கேட்பார்கள். முடிந்ததும் கனகம் சொல்வாள்: "கேட்டீங்கதானே? இனி மறுபக்கம் சுத்துங்கோ."

மூத்த மகளுக்கு இரண்டு இடத்தில் மாப்பிள்ளை பேசி வந்தபோது, அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர்தான் பொருத்தம் என்று நான் அடித்துச் சொன்னேன். அன்று மாலையே பெரியகல்லாற்று அப்போதிக்கரிக்கு வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டார்கள். தங்கமான பிள்ளை, குறை சொல்ல முடியாது. என் இருமலுக்கு அவர்தான் இப்போது மருந்து கலந்து, வேளை தவறாமல் கொண்டுவந்து தருகிறார். வீட்டு வழக்கத்தையும் நன்றாகப் பழகிக்கொண்டார். போதும், வேண்டாம் என்று நான் தலையாட்டினால் இரண்டு கரண்டி.